மயிரிழையும் தராசும்

ஒரு பொருளைப் பிழையறச் செய்தல் கைத்திறன் மட்டுமோ, அன்றி அறமும் ஆகுமோ? இவ்வினாவை நாம் ஏடுகளிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. மடுல்கெல்லவில் பழைய இரும்புச் சாமான்களின் நடுவே முக்காலியொன்றில் அமர்ந்து, விரற்கடை அளவேயுள்ள ஓர் உருளையை ஒருவர் மூன்று வாரமாகத் தேய்த்துக்கொண்டிருந்ததைக் கண்ட பின்னரே இது நம் மனத்தில் தைத்தது.

கண்டியிலிருந்து வத்தேகம, பன்வில வழியாக மேலேறும் பாதையில், தும்பறை மலைகளின் சரிவில் அமைந்தது மடுல்கெல்ல. கோப்பிக் காலத்தில் தோட்டங்கள் எழுந்து, கோப்பி நோயுற்று அழிந்தபின் தேயிலையால் நிலைபெற்ற மலையகச் சிற்றூர்களுள் அதுவும் ஒன்று. நாம் குறிப்பிடும் மனிதர் அப்பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையொன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ‘பிட்டர்’ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கொழுந்து உருட்டும் ரோலரைப் பிரித்துப் பூட்டுவதும், உலர்த்தும் பொறியின் சங்கிலியைச் செப்பனிடுவதும், நள்ளிரவில் நின்றுபோன மோட்டாரை விடியுமுன் ஓடவைப்பதுமே அவருடைய வாழ்நாள் தொழிலாக இருந்தன. ஓய்வின் பின்னர் கடைத்தெருக் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. அதனுள் பழைய லேத் ஒன்று. தண்ணீர்ப் பம்புகளையும் மருந்தடிக்கும் கருவிகளையும் திருத்திப் பிழைப்பு நடக்கின்றது. பிழைப்புக்கான வேலை முடிந்த மாலைப் பொழுதுகளில்தான் தம் சொந்த எந்திரத்தை அவர் கையில் எடுப்பார்.

அவ்வெந்திரம் ஒரு சாணுக்கு மேற்படாதது. வெப்பக் காற்றால் ஓடுவது. ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த றொபேட் ஸ்டேர்லிங் என்னும் பாதிரியார் 1816 இல் காப்புரிமை பெற்ற முறையின் சிற்றுருவம் அது. அடைபட்ட குழாயொன்றின் ஒரு முனையைச் சிறு விளக்கின் சுடர் சூடாக்கும்; மறுமுனை குளிர்ந்திருக்கும். உள்ளே தளர்வாக அசையும் ஓர் உருளை, அடைபட்ட காற்றைச் சூட்டு முனைக்கும் குளிர் முனைக்குமாக மாறிமாறித் தள்ளும். சூடேறிய காற்று விரிந்து பக்கத்து உருளையிலுள்ள ஆடுதண்டை வெளியே தள்ளும். குளிர்ந்த காற்று சுருங்கும்போது வெளிக்காற்று அதனை உள்ளே அழுத்தும். இவ்விரண்டு அசைவுகளும் கால் சுற்று முன்பின்னாக அமையுமாறு ஒரு சில்லோடு இணைத்துவிட்டால், விளக்கு எரியும் வரை சில்லு சுழலும். நீராவி வேண்டியதில்லை; பெற்றோல் வேண்டியதில்லை. லயத்துக் காம்பராக்களில் நெடுங்காலம் எரிந்த குப்பி விளக்கின் அளவேயான ஒரு சுடர் போதும்.

சுடர் சிறிது; அது தரும் வலுவும் சிறிது. ஆதலால் விரயத்துக்கு அங்கே இடமில்லை. ஆடுதண்டு தளர்ந்திருந்தால் காற்று கசிந்து ஓடிவிடும். இறுகியிருந்தால் உள்ள வலுவெல்லாம் உராய்விலேயே தீர்ந்துவிடும். இறுக்கமும் வேண்டும், இளக்கமும் வேண்டும். பெரிய எந்திரம் சிறு பிழையைத் தாங்கிக்கொள்ளும். சிறிய எந்திரம் தாங்காது. அவருடைய உருளையின் உள்விட்டம் 20 மில்லிமீற்றர். ஆடுதண்டுக்கும் உருளைச் சுவருக்கும் இடையே ஒரு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு இடைவெளியே இருக்கலாம். நம் தலைமயிர் அதனைப் போல் ஐந்து முதல் பத்து மடங்கு தடிப்புள்ளது.

உட்புறத்தை லேத்தில் கடைந்து எடுத்ததும் வேலை முடிந்தது என்று நாம் எண்ணினோம். அப்பொழுதுதான் தொடங்குகின்றது என்றார் அவர். உள்ளே செல்லும் வெட்டுக்கோல் நீண்டு மெலிந்திருப்பதால் வெட்டும்போது சிறிதே வளைகின்றது. வளைந்த அளவுக்கு உருளையின் ஒரு முனை ஒடுங்கிவிடுகின்றது. அளவை மாற்றாமலே அதே கோலை மீண்டும் மீண்டும் ஓட்டினால், முன்பு விடுபட்ட இரும்பு பொடியாக உதிரும். அதன் பின்னர் பித்தளைக் கோலொன்றில் வால்வு தேய்க்கும் பசையைத் தடவி உள்ளே செலுத்திச் சுழற்ற வேண்டும். பசையிலுள்ள கூரிய மணிகள் மென்மையான பித்தளையில் பதிந்துகொண்டு வன்மையான இரும்பைத் தேய்க்கின்றன. தேய்த்தல், கழுவுதல், துடைத்தல், அளத்தல், மறுபடியும் தேய்த்தல். அளப்பதற்கு அவர் எடுத்தது, நம் மாணவர்கள் பாடநூலில் ‘நுண்மானித் திருகுக் கணிச்சி’ என்று மனனம் செய்யும் அதே கருவி. அதன் திருகு ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீற்றர் நகரும்; சுற்று 50 கூறாக வகுக்கப்பட்டிருக்கும்; ஆதலால் ஒரு கூறு மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கு. அவருக்கு வேண்டிய இடைவெளி முழுவதும் அந்த ஒரு கூற்றுக்குள் அடங்கிவிடுகின்றது.

ஆடுதண்டை அளக்குமுன் அதனை மேசைமேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார். கைச்சூடு ஆறட்டும் என்பார். நமக்கு இது மிகையாகப் பட்டது. பின்னர்க் கணக்கிட்டுப் பார்த்தோம். 20 மில்லிமீற்றர் விட்டமுள்ள வார்ப்பிரும்பு 10 பாகை செல்சியசு சூடேறினால் ஏறத்தாழ மில்லிமீற்றரின் ஐந்நூற்றிலொரு பங்கு பருக்கும். வேண்டிய இடைவெளியில் ஐந்திலொரு பங்கை நம் உள்ளங்கையே விழுங்கிவிடக்கூடும். மடுல்கெல்லவின் குளிர்ந்த மாலையில் இது கற்பனைக் கணக்கன்று.

முடிவான சோதனைக்குக் கருவியே வேண்டியதில்லை. உருளையை நிமிர்த்திப் பிடித்து, அடிவாயைப் பெருவிரலால் அடைத்து, மேலிருந்து ஆடுதண்டை விடவேண்டும். அது காற்றின்மேல் மிதப்பதுபோல மெல்ல மெல்ல இறங்க வேண்டும். விரலை எடுத்த கணமே தடையின்றி விழ வேண்டும். முதலாவது ஆடுதண்டு விரல் அடைத்திருக்கும்போதே விழுந்தது. இரண்டாவது பாதியில் சிக்கி நின்றது. இரண்டையும் அவர் பழைய இரும்புப் பெட்டியில் எறிந்தார். “இரண்டாவதைச் சற்றுத் தட்டிச் சரிக்கட்டக் கூடாதா, ஐயா?” என்று கேட்டோம். “இரும்புக்கு முகதாட்சணை கெடயாதுங்க மாஸ்டர்” என்றார்.

* * *

இவ்வளவும் எதற்காக என்று கேட்பாரும் உளர். லயத்துக் கூரைகள் ஒழுகுகின்றன. பிள்ளைகள் மழையில் மைல் கணக்காக நடந்து பாடசாலைக்கு வருகின்றனர். இந்நிலையில் ஒன்றையும் ஓட்டாத ஓர் எந்திரத்துக்கு மூன்று வாரத்து மாலைப் பொழுதுகளா? இவ்வினாவை மக்கள் நலம் நாடுவோர் தட்டிக்கழித்தல் ஆகாது.

இதற்கு ஆயத்தமான விடையொன்று உண்டு. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நியூகொமன் நீராவி எந்திரத்தின் சிறு மாதிரியொன்று செவ்வனே ஓடாமல் கிடந்தது. அங்குக் கருவி செய்வோராக இருந்த ஜேம்ஸ் வாட்டிடம் 1763 ஆம் ஆண்டளவில் அதனைச் செப்பனிடக் கொடுத்தனர். செப்பனிட்ட பின்னரும் அது சில அடிகள் அடித்து ஓய்ந்தது; கொதிகலனின் நீராவி போதவில்லை. உருளை சிறிதாகும்போது அதன் கொள்ளளவு குறைகின்ற விகிதத்தில் சுவரின் பரப்பு குறைவதில்லை. ஆகவே ஒவ்வோர் அடிக்கும் சுவரைச் சூடாக்கிக் குளிர்விப்பதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாகியது. பெரிய எந்திரத்தில் பொறுத்துக்கொள்ளப்பட்ட விரயத்தைச் சிறிய எந்திரம் காட்டிக்கொடுத்துவிட்டது. நீராவியைக் குளிர்விக்கத் தனிக்கலம் வேண்டும் என்னும் எண்ணம் 1765 இல் வாட்டுக்குத் தோன்றிற்று. உலகின் பொருளாதாரத்தையே புரட்டிய ஒரு மாற்றத்தின் தொடக்கங்களுள் ஒன்று, விளையாட்டுப் பொருள் போன்ற ஒரு மாதிரி எந்திரம்.

ஆயினும் இவ்விடையை நாம் பற்றிக்கொள்ள விரும்பவில்லை. பயன் விளைந்தமையால் அந்த மாதிரி நியாயமாயிற்று என்றால், பயன் விளையாத ஆயிரம் மாதிரிகள் குற்றமாகிவிடும் அன்றோ? மேலும், இக்கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படுகின்றதா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தோட்டத்துத் துரைமார் தங்கள் கிளப்புகளில் டென்னிஸ் ஆடினர். அதன் பயன் யாதென எவரும் கேட்டிலர். இலண்டனில் 1898 முதல் ‘மொடல் எஞ்சினியர்’ என்னும் இதழ் சிற்றெந்திரம் செய்வோருக்கென்றே வெளிவரத் தொடங்கிற்று. அந்நாட்டில் அது மதிப்புக்குரிய பொழுதுபோக்கு. உழைப்பாளி ஒருவன் தன் மாலைப் பொழுதைத் தன் மனம்போலச் செலவிடும்போது மட்டும் பயன் பற்றிய விசாரணை எழுகின்றது. 1886 இல் சிக்காகோவில் எட்டு மணி நேர வேலைநாளுக்காகப் போராடியோர், மிகுந்த நேரத்தை மறுநாள் வேலைக்காக உறங்கிக் கழிப்பதற்கு மட்டும் கேட்கவில்லை. தனக்கென ஒரு பொழுதும், அப்பொழுதில் தன் கையும் கருத்தும் ஒன்றுபடும் ஒரு செயலும் மனிதனுக்கு உரியவை. தொழிற்சாலையில் அந்த முதியவர் ஆயிரம் பாகங்களைப் பூட்டியிருக்கிறார். அவற்றுள் ஒன்றேனும் அவருடையதன்று. இந்த ஆடுதண்டு அவருடையது.

* * *

எனவே அவர் செய்வது குற்றமன்று. ஆயின் குற்றமன்மை வேறு, அறம் வேறு. நுட்பத்தில் அறம் எங்கே இருக்கின்றது?

நம் பாடசாலைகளை நோக்குவோம். விஞ்ஞானச் செய்முறைக் குறிப்பேடுகளை மதிப்பிடும் ஆசிரியர் அனைவரும் அறிந்த இரகசியம் ஒன்றுண்டு. ஊசலைக் கொண்டு புவியீர்ப்பு ஆர்முடுகலைக் காணும் மாணவன், விடை 9.8 அளவில் வரவேண்டும் என்பதை முன்பே அறிவான். ஆகவே அந்த விடையிலிருந்து பின்னோக்கி நடந்து, அதற்கேற்ற அளவீடுகளை அட்டவணையில் எழுதிவிடுகின்றான். கையெழுத்து அழகு, அட்டவணை ஒழுங்கு, விடை ‘சரி’. அளந்ததை மட்டும் காணோம். அடுத்த மேசையில் ஒரு பிள்ளை உள்ளபடியே அளந்து 9.3 என்று எழுதியிருந்தால் சிவப்பு மையால் வட்டமிடப்படுகின்றது. பொய்யைச் செம்மையாக எழுதியவனுக்குப் புள்ளி. மெய்யைத் தடுமாறி எழுதியவளுக்குக் கண்டனம். இதனை நாம் பிறர்மேல் ஏற்றிச் சொல்லவில்லை. தமிழ் கற்பிக்கும் நாமும், மாணவன் தான் கண்ட ஆற்றை எழுதாமல் பாடநூலிலுள்ள ஆற்றை எழுதும்போது மகிழ்ந்து புள்ளியிட்டவர்களே.

அந்தத் தகரக் கொட்டகையில் இது நடவாது. 9.8 என்று எழுதிவிட்டால் ஆடுதண்டு மிதக்காது. அங்கே செய்தவனுக்கும் பொருளுக்கும் இடையே பரிந்துரை இல்லை, பட்டம் இல்லை, ‘நம்மவர்’ என்னும் சலுகை இல்லை. தன் பிழையைத் தானே கண்டு, அதனைத் தன் கையாலேயே பழைய இரும்புப் பெட்டியில் எறிவதற்கு ஒரு மனவலிமை வேண்டும். நுட்பத்தில் உள்ள அறத்தின் முதற்கூறு இதுவே: பொருளிடத்தில் பொய் சொல்லாமை.

ஆயின் இத்துடன் நின்றுவிட்டால் நாம் பாதி உண்மையையே சொன்னவர்களாவோம். வாட்டின் எந்திரம் தாளிலிருந்து இரும்புக்கு வரப் பல ஆண்டுகள் பிடித்தன. காற்றுக் கசியாத பெரிய உருளையை வட்டம் பிசகாமல் கடைந்து தரவல்லார் இல்லாமையே முக்கிய தடையாக இருந்தது. அத்தடையை நீக்கியவர் ஜோன் வில்கின்சன் என்னும் இரும்பாலை முதலாளி. அவர் கடைந்த ஐம்பது அங்குல விட்டமுள்ள உருளையில் பிழை ஒரு பழைய சில்லிங் நாணயத்தின் தடிப்புக்கும் மேற்படவில்லை என்று வாட்டின் கூட்டாளி மத்தேயு போல்டன் 1776 இல் வியந்து எழுதினார். அந்த வில்கின்சன் 1774 இல் காப்புரிமை பெற்றது எதற்கு? பீரங்கிக் குழாய்களைப் பிசகின்றித் துளைக்கும் முறைக்கு. சுரங்கத்து நீரை இறைத்த உருளையும் மனிதரைக் கொன்ற குழாயும் ஒரே முதலாளியின் பட்டறைக் கலையிலிருந்து பிறந்தன. இரண்டிலும் இரும்பிடத்தில் பொய் சொல்லப்படவில்லை. ஆகவே நுட்பம் தன்னளவில் முழு அறமாகாது. ‘எவ்வளவு நுட்பம்?’ என்பதோடு ‘எதற்கு?’ என்றும், ‘யார் அளவைக்கு யார் கட்டுப்படுவது?’ என்றும் கேட்டல் வேண்டும்.

* * *

‘மூலதனம்’ முதற்றொகுதியில், பொறிகள் பற்றி ஆராயும் அத்தியாயத்தில், கார்ல் மார்க்ஸ் லேத்திலுள்ள ஓர் உறுப்பைத் தனியே எடுத்துக் குறிப்பிடுகின்றார். வெட்டுளியைத் தாங்கி வழுவாது நகர்த்தும் சறுக்குதாங்கி அது. ஹென்றி மோட்ஸ்லியின் பெயரோடு வழங்குவது. அது ஏதோவொரு கருவிக்கு மாற்றாக வந்ததன்று, மனிதனுடைய கைக்கே மாற்றாக வந்தது என்பது மார்க்ஸ் கண்ட உண்மை. கையின் நடுக்கம் போயிற்று. அதனோடு கைத்தொழிலாளன் தன் திறமையின் பேரால் பெற்றிருந்த பேரம் பேசும் வலிமையும் தளர்ந்தது. நுட்பம் உழைப்பாளியின் விரல்களிலிருந்து முதலாளியின் சொத்தான பொறிக்குள் குடிபெயர்ந்தது.

அதே மோட்ஸ்லியின் பட்டறையில் 1805 ஆம் ஆண்டளவில் அமைந்த அளவுகருவி ஒன்றும் நம் கருத்துக்குரியது. அங்குச் செய்த பாகம் எதனைப் பற்றியும் ஐயமெழுந்தால் அக்கருவியிலிட்டு அளப்பர். அதன்மேல் முறையீடு இல்லை. ஆதலால் அதற்கு அந்நாட்டின் உயர்ந்த நீதிபதியாகிய ‘லோர்ட் சான்சலர்’ என்னும் பெயர் வழங்கிற்று. கம்மியரும் தலைமைக் கம்மியரும், ஏன், மோட்ஸ்லியும்கூட அதன் தீர்ப்புக்குத் தலைவணங்க வேண்டியவர்களே. அளவு நீதியாவது இவ்வாறுதான். இரு தரப்பாரும் காணுமாறு நின்று, இரு தரப்பாரையும் கட்டுப்படுத்தும் அளவே நீதி. ஒரு தரப்பார் பிடித்துக்கொண்டு மறு தரப்பார்மேல் செலுத்தும் அளவு, எத்துணை நுட்பமானதாயினும், அதிகாரமே. ஆயின் அந்தப் பட்டறையிலும் அச்சிறு நீதிபதியின் ஆட்சி இரும்போடு நின்றுவிட்டது. கூலி குறைந்தது என்று முறையிட அதனை ஒத்த ஒரு கருவி அங்கே இருக்கவில்லை.

இதனை நமக்கு உணர்த்தியது மார்க்சின் நூல் மட்டுமன்று. மூன்றாவது ஆடுதண்டு தேறிய நாளில் நாமும் அந்தக் கொட்டகையில் இருந்தோம். விளக்கை ஏற்றி, சிறிது பொறுத்து, முதியவர் சில்லை விரலால் ஒரு தட்டுத் தட்டினார். ஒரு கணம் தயங்கிற்று. பின்னர் ஓடத் தொடங்கிற்று. ஓசையே இல்லை. தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவியார் நெடுநேரம் அதனைப் பார்த்து நின்றார். நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர் அவர். அவர் சொன்னது இது: “இம்புட்டு நுணுக்கமா அளக்கத் தெரியுதே இந்த ஒலகத்துக்கு. எங்க கொழுந்து நிறுக்கயில மட்டும் ஏங்க யாருக்கும் கண்ணு தெரியல?”

மலையகத்தை அறியாத வாசகர்க்கு இதனை விளக்குதல் வேண்டும். பறித்த கொழுந்து மடுவத்தில் நிறுக்கப்படுகின்றது. நிறையிலிருந்து சாக்குக்கென்றும் ஈரத்துக்கென்றும் ஒரு தொகை கழிக்கப்படுவது வழக்கம். சாக்குக்கு நிறையுண்டு; மழையில் நனைந்த கொழுந்தில் நீருமுண்டு. எனவே கழிப்பதே தவறு என்று நாம் கூறவில்லை. கழிவு அளந்து கழிக்கப்படுகின்றதா என்பதே கேள்வி. வெறும் சாக்கை நிறுத்துக் காட்டியபின் கழித்தால் அது அளவு. மழை நாளுக்கும் வெயில் நாளுக்கும் ஒரே கழிவை வாயால் சொல்லிக் கழித்தால் அது அளவன்று, வரி. தோட்டத்துப் பெண்கள் நெடுங்காலமாக முறையிட்டு வருவது இதனையே. நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று விதித்த நிறை எட்டாவிட்டால் முழுப்பேர் அரைப்பேராகிவிடும். ஆகவே கைதவறிக் கழித்த ஒரு கிலோ, ஒரு கிலோவோடு போவதன்று. அரைநாள் கூலியையே கொண்டுபோக வல்லது. சிறிய எந்திரத்தைப் போலவே சிறிய வருமானமும் பிழையைத் தாங்காது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்கலாம். ஏறத்தாழ நாலரை முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோத் தேயிலையாகின்றது. மடுவத்தில் மிகையாகக் கழிக்கப்பட்ட கொழுந்து காற்றில் கரைந்து போவதில்லை. அதுவும் ரோலருக்குள் புகுகின்றது; உலர்கின்றது; பெட்டியில் அடைபட்டுக் கொழும்புக்குச் செல்கின்றது. அங்கே அது கிராம் பிசகாமல் நிறுக்கப்படுகின்றது. ஒரே இலை, மடுவத்தில் ஒரு கணக்கு, சந்தையில் ஒரு கணக்கு. அந்த ரோலரின் பாகங்களை மயிரிழை பிசகாமல் பூட்டிக் கொடுத்தவர் கணவர். அதே ரோலருக்குள் கணக்கில் வராத கொழுந்தை அனுப்பியவர் மனைவி. ஒரு குடும்பத்துக்குள்ளேயே நுட்பத்தின் இரு முகங்களையும் நாம் காண்கின்றோம்.

நுட்பம் வலியோரால் எளியோரிடம் மட்டும் கோரப்படுவது மடுவத்தோடு முடிந்த கதையுமன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களிடம் எதனைக் கேட்டது? அச்சட்டத்துக்குமுன் பிறந்தவர், தம் தந்தை இந்நாட்டிற் பிறந்தார் என்றோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இந்நாட்டிற் பிறந்தனர் என்றோ காட்டவேண்டும் என்றது. கூடை கூடையாகப் பறித்த கொழுந்துக்கே சரியான கணக்குப் பெறாத மக்கள், பூட்டனின் பிறப்புக்குக் கணக்குக் காட்டவேண்டுமாம்! எஞ்சியோரின் நாடற்ற நிலையைத் தீர்ப்பதற்குரிய சட்டம் 2003 இல்தான் நிறைவேறிற்று. இடைப்பட்ட ஐம்பத்தைந்து ஆண்டுகள் எந்தத் தராசில் நிறுக்கப்பட்டன?

* * *

தமிழ் மரபு இக்கருத்துக்குப் புதிதன்று. நடுவுநிலைமையைப் பாட வந்த வள்ளுவர் துலாக்கோலையே உவமையாக எடுத்தார். பட்டினப்பாலையோ வணிகரின் நடுவு நிலைமைக்கு நுகத்தடியின் நடுவே நிற்கும் ஆணியை உவமையாக்கிற்று. சிந்திக்கத்தக்க உவமை அது. ஒரு கருவியின் சிறு பாகம். சற்று விலகினாலும் ஒரு மாட்டின்மேல் மிகையான பாரம் ஏறும். நீதியை விளக்க வானத்தை நோக்காமல், உழைக்கும் கருவியின் ஆணியை நோக்கிய கண் அது. அந்த ஆணியைச் செதுக்கிய கை எவருடையது என்பதை மட்டும் பாட்டு நமக்குச் சொல்லவில்லை.

கைவினைஞரின் செம்மையைப் போற்றியோருள் ஆனந்த குமாரசுவாமியை இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1908 இல் அவர் வெளியிட்ட ‘மத்தியகாலச் சிங்களக் கலை’ கண்டிப் பகுதியின் கம்மியரையும் ஓவியரையும் நெசவாளரையும் பற்றியது. ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் வாணிகம் புகுந்து அக்கலைகளைச் சிதைத்தது என்று அவர் வருந்தினார். அவ்வருத்தம் மெய், அதற்கு நாமும் கடன்பட்டவர்கள். ஆயின் அவர் பரிவோடு நோக்கிய அவ்வமைப்பில், கம்மியனின் கைத்திறன் அவன் சாதியோடும், நிலத்துக்கு ஈடாக அவன் செய்யவேண்டியிருந்த இராசகாரியக் கடமையோடும் பிணைந்திருந்தது. செம்மையாகச் செய்தான், செய்யாதிருக்க அவனுக்கு உரிமை இருந்ததா? செம்மை கட்டளையாக இருக்குமிடத்தில் அதனை அறமென்பது எளிதன்று. பழைய பட்டறைக்குத் திரும்புதல் நம் விடையன்று.

புதிய தொழிற்சாலையும் விடையாகவில்லை. கண்டிக்கருகே ஹந்தானையில் 1925 இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001 முதல் அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பழைய ரோலர்களும் எந்திரங்களும் அங்கே துடைத்து வைக்கப்பட்டுள்ளன. 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலரின் பெயரை வருவோர் அறிந்து செல்கின்றனர். அத்தகைய எந்திரங்களில் அவற்றை வார்த்த கம்பனியின் பெயர் இரும்பிலேயே புடைத்து நிற்கும். அவற்றை ஓயாமல் ஓடவைத்த பிட்டரின் பெயர் இரும்பில் ஏறுவதில்லை. மாணவரை அங்கு அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அந்த வெற்றிடத்தையும் காட்டித் தருவார்களாக.

* * *

ஆக, நாம் தொடங்கிய வினாவுக்கு விடை இதுவெனக் கொள்கின்றோம். நுட்பம் பொருளிடத்தில் மெய்ம்மையாகத் தொடங்குகின்றது. அவ்வளவில் அது ஒரு நற்பண்பு. அளப்பவனும் அளக்கப்படுபவனும் ஒரே அளவுக்குக் கட்டுப்படும்போது அது நீதியாகின்றது. எதற்காகச் செய்கின்றோம் என்பதைச் செய்பவனே அறிந்து ஏற்றுக்கொள்ளும்போது அது விடுதலையாகின்றது. இம்மூன்றும் சேர்ந்தாலன்றி அதனை முழு அறமென்று நாம் கூறோம். தகரக் கொட்டகையின் முதியவரிடம் முதலாவதும் மூன்றாவதும் இருக்கின்றன. இரண்டாவதை அவர் ஒருவராக ஆக்கிக்கொள்ள இயலாது. அது சமுதாயம் முழுவதும் சேர்ந்து கடையவேண்டிய பாகம்.

அதில் நம் பங்கு சிறிதன்று. 9.3 என்று மெய்யாக எழுதிய மாணவியின் ஏட்டில் சிவப்பு வட்டத்தை அழித்து, ‘ஏன் குறைந்தது? கண்டுபிடி’ என்று எழுத நமக்கு அதிகாரம் உண்டு. பாடசாலை அலுமாரியில் பூட்டிக் கிடக்கும் நுண்மானியை எடுத்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கொடுக்க நம்மால் முடியும். தன் கையால் மயிரிழையை அளந்து பார்த்த பிள்ளை, நாளை மடுவத்தில் ‘முதலில் வெறும் சாக்கை நிறுத்துக் காட்டுங்கள்’ என்று கேட்கும். இவ்வாறான இதழ்களில் எழுதும் நாமும் ‘ஏழை எளியோர்’ என்று பொதுவாக இரங்குவதை விடுத்து, எத்தனை கிலோ, எவ்வளவு கழிவு, எத்தனை அரைப்பேர் என்று கேட்டறிந்து எழுதப் பழகுதல் வேண்டும். மொத்தமாகப் பேசும் இரக்கம் யாரையும் உறுத்துவதில்லை. கணக்கோடு பேசும் வழக்கு உறுத்தும்.

விளக்கிலிருந்த எரிபொருள் தீர்ந்ததும் அந்தச் சிற்றெந்திரம் தானே ஓய்ந்து நின்றது. அது எதையும் ஓட்டவில்லை. ஆயினும், மயிரிழையில் பத்திலொரு பங்கைக்கூட மனிதக் கை அளந்து நிறுத்த வல்லது என்பதற்கு அது சாட்சி கூறிவிட்டது. இனி, இயலாது என்று எவரும் சொல்வதற்கில்லை. அந்த அம்மையார் கேட்டது மில்லிமீற்றரின் நூற்றிலொரு பங்கன்று. தம் கூடையில் இருந்த கொழுந்துக்கு அதன் நிறை. அதனை நிறுத்துக் கொடுக்க மனமில்லாத சமுதாயம் எத்துணை நுண்ணிய எந்திரத்தைச் செய்தாலும், அளக்கக் கற்றதாகாது.